எண்ணிக்கை சரியாத்தான் இருந்துச்சு

உக்காருங்கக்கா, இந்த சீட்டுக்கு ஆரும் வரலீங்க. கொன்னமரத்தூருக்குங்களா? நானும் அங்கதான் போறேன். அப்பக் கடைசி வரைக்கும் பேச்சுத் துணை ஆச்சு. பதினாலு வருஷமா கிரவுண்டுல கத்திக் கத்தி என்ற தொண்டைக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

பி.டி. டீச்சருங்க நானு. கோபிப் பக்கம் ஒரு பிரைவேட் ஸ்கூலு. பேரு வேண்டாம், அதைச் சொன்னாலே இப்ப வாயி கசக்குது. மூணு வாரமா என்னை ஊட்டுல உக்கார வெச்சிருக்கறாங்க. சஸ்பெண்டுன்னு சொல்லமாட்டாங்களாம். 'ரெஸ்ட் எடுங்க மிஸ்'ஸாம். ரெஸ்ட்டு! நாளைக்குக் காத்தால பத்து மணிக்கு விசாரணை. தாளாளரு, பிரின்சிபாலு, அந்தப் பிள்ளையப் பெத்தவங்க எல்லாரும் உக்காந்துட்டிருப்பாங்க, நான் மட்டும் நிக்கோணும். நாளைக்குத் தப்பிச்சேன்னா வேலை. இல்லைன்னா அவ்வளவுதான். நாப்பத்தாறு வயசுல வேற எந்த ஸ்கூல்ல பி.டி. டீச்சரா எடுப்பாங்க, நீங்களே சொல்லுங்க.

நான் பண்ணின குத்தம் என்னன்னு கேளுங்க. எண்ணினேன். அதுதான் குத்தம். எண்ணிக்கையும் சரியாத்தான் இருந்துச்சு.

உங்கூர் எல்லையில அந்தப் பண்ணை இருக்குதல்லங்க, பெங்களூர்க்காரம்மா நடத்தறது? பள்ளிக்கூடப் பிள்ளைங்களையும் மகளிர் குழுக்காரங்களையும் கூட்டியாந்து மூணு நாள் தங்க வெச்சு கிராமத்தைக் காட்டறாங்களே, அதேதான். 'ஈரநிலம்'னு பேரு வெச்சிருக்கறாங்க. சுத்துவட்டாரம் பூராக் காஞ்ச காடு, இதுல ஈரத்தை எங்க கண்டாங்களோ. அந்தம்மா பேரு வைதேகி. கம்ப்யூட்டர் வேலைய உட்டுட்டு வந்துட்டாங்களாம். செருப்புப் போடமாட்டாங்க. நம்மளையும் போட உடமாட்டாங்க. எங்க ஸ்கூல் பிள்ளைங்கள்ல பாதிக்கு ஊட்டுலயே நாலு மாடு நிக்குது. அதுகளுக்குச் சாணி மிதிக்கச் சொல்லிக் குடுத்தாங்கக்கா! கைதட்டு வேற.

சாயங்காலம் பொழுதோட எல்லாரையும் வட்டமா உக்கார வெச்சு, 'இன்னைக்கு உன் மனசு என்ன நிறம்?'னு கேட்டாங்க. ஒரு பிள்ளை 'பிரவுன்'னுச்சு. சாணி மிதிச்சுட்டு வந்த பிள்ளை வேறென்ன சொல்லும்? அதுக்கு அந்தம்மா கண்ண மூடிட்டு, 'ஆகா'ன்னாங்க. எனக்கு எந்திரிச்சுப் போயிரலாமான்னு வந்துச்சு.

ஆளுக்கொரு மரத்துப் பேரு வெக்கோணும்னாங்க. நீ வேம்பு, நீ புங்கன், நீ இலுப்பைன்னு. நான் சொல்லிட்டேன், இங்க பாருங்க மேடம், மரம் ஓடாது, பிள்ளைங்க ஓடும், எனக்கு நம்பர்தான் வேணும்னு. என்ற விசிலையும் புடுங்கிக்கிட்டாங்க, பறவைக்குத் தொந்தரவாம். விசில் இல்லாத பி.டி. டீச்சரு, கரண்டி இல்லாத சமையல்காரி மாதிரித்தான நிக்கோணும்? கையத் தட்டித் தட்டியே ஓட்டினேன்.

என்ற முறை என்னன்னா, ஏழாவது படிக்கற பொம்பளப் பிள்ளைங்க நாப்பத்திமூணு. ஆளுக்கொரு மஞ்சத் தொப்பி. தொப்பி முன்னால நம்பரு. நானே ராத்திரி உக்காந்து வெட்டி ஒட்டினது. மணிக்கொருக்கா வரிசை. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அதுகளே சொல்லிக்கிட்டு வரோணும், நான் நெத்தியப் பாத்துக்கிட்டே போவேன். மூஞ்சியெல்லாம் பாக்கமாட்டேன். மூஞ்சியப் பாத்தா ஒண்ணு சிரிக்கும், ஒண்ணு அழுவும், எண்ணிக்கை கொழம்பிரும். வரிசையில நின்னா நம்பரத் தவிர வேற ஒரு சத்தம் வாயிலிருந்து வரக்கூடாது. எது சொல்றதா இருந்தாலும் முதல்ல நம்பரு, அப்பறந்தான் பேச்சு. இதுதான் சட்டம்.

ஏன் இப்படின்னு நீங்க நெனைக்கலாம். நான் வேலைக்குச் சேந்த முதல் வருஷம் ஒரு பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனோம். அதுல ஒரு பிள்ளை காணாமப் போச்சு. முக்கா மணி நேரம். ராட்டினத்துக்குப் பின்னால பஞ்சு மிட்டாய் தின்னுட்டு நின்னுட்டிருந்துச்சு, ஒண்ணும் ஆகல. ஆனா அந்த முக்கா மணி நேரம் நான் பொணமாத்தான் நடந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனி ஒரு பிள்ளையும் என்ற கையில தப்பாதுன்னு. முப்பத்தியொரு முகாம் போயிட்டு வந்திருக்கறேன். ஒரு நம்பர் குறைஞ்சதில்ல. சும்மா சொல்லலீங்க, டைரி வெச்சிருக்கறேன்.

சரி, அந்த ரெண்டாம் நாளுக்கு வர்றேன். கூட வந்த கணக்கு மிஸ்ஸு முதல் நாளே வாந்தி எடுத்து ஊருக்குப் போயிட்டாங்க. நான் ஒருத்தி, பிள்ளைங்க நாப்பத்திமூணு. காத்தால ஆறு மணி வரிசையில இருபத்தொன்பது வெளிய வந்துச்சு. 'மிஸ், ஒண்ணு சொல்லோணும்'னுச்சு.

முதல்ல நம்பரச் சொல்லுன்னேன்.

'இருபத்தொன்பது மிஸ்.'

சொல்லு.

அப்பறம் தரையப் பாத்துட்டு நிக்குது. பின்னால நாப்பத்தி ரெண்டு பேரு காத்துட்டிருக்கறாங்க. கடைசியா, 'வயிறு வலிக்குது மிஸ்'னுச்சு. எல்லாத்துக்குந்தான் வலிக்குது, நேத்துப் போட்ட ராகிக் களிக்கு எனக்கே வலிக்குது, நடந்தாச் சரியாப் போயிரும், போயி நில்லுன்னேன். மறுபேச்சுப் பேசாமப் போயி நின்னுச்சு. பாத்தீங்களா? வேற ஸ்கூல் பிள்ளைன்னா அங்கயே ஒப்பாரி வெச்சிருக்கும். எங்க பிள்ளைங்க அப்படியில்ல. அவ்வளவு ஒழுங்கா வளத்து வெச்சிருக்கறேன்.

எட்டு மணிக்கு நடை. ரெண்டு பக்கமும் வேலி அடைச்ச இட்டேரித் தடத்து வழியா நாலு மைலு, மேக்கால இருக்கற தடுப்பணை வரைக்கும். பறவை காட்டறதுக்குன்னு பெங்களூர்ல இருந்து ஒரு பொண்ணு அன்னைக்குக் காலையிலதான் வந்து எறங்கியிருந்தா. கழுத்துல பைனாகுலரு. அவ மரத்தப் பாத்துட்டே நடந்தா, நான் தொப்பியப் பாத்துட்டே நடந்தேன். கெளம்பறப்ப எண்ணினேன், நாப்பத்திமூணு. பாதி வழியில எண்ணினேன், நாப்பத்திமூணு. அங்க போயி எண்ணினேன், அதே நாப்பத்திமூணு.

அன்னைக்கு இருபத்தொன்பது நடந்த நடை இருக்குதே! காலைல வயித்து வலின்னு சொன்ன பிள்ளை. நாந்தான் சொன்னனே, நடந்தாச் சரியாப் போயிரும்னு. எல்லாருக்கும் முன்னால ஓடுது. பள்ளத்துல தண்ணி முழங்கால் அளவு ஓடிச்சு, எனக்குத் தண்ணின்னா கொஞ்சம் பயம். கல்லு வழுக்குது. இந்தப் பிள்ளை திரும்பி வந்து என்ற கையப் புடிச்சு, 'இந்தக் கல்லு மேல வெய்யுங்க மிஸ், இப்ப அது மேல'ன்னு ஒவ்வொண்ணாக் காட்டிக் கூட்டிட்டுப் போச்சு. அந்தப் பக்கம் போயி என்ற கால்ல முள்ளு ஏறிருச்சு. செருப்புத்தான் போட உடலியே அந்தம்மா! இது குத்த வெச்சு, இன்னொரு முள்ள ஒடிச்சு, அதுல நோண்டி எடுத்துப் போட்டுச்சு. வலியே தெரியல. ஊட்டுல தோட்டங்காடு இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

திரும்பி வர்ற வழியில என்ற கையவே புடிச்சுட்டு வந்துச்சு. 'மிஸ், உங்க பேரென்ன?'ன்னு கேட்டுச்சு. கலாமணின்னேன். 'நல்லாருக்குது மிஸ்'னுச்சு.

பதினாலு வருஷத்துல ஒரு பிள்ளை கேட்டதில்லீங்க அக்கா. அதுகளுக்கெல்லாம் நான் பி.டி. மிஸ்ஸு. டீச்சர்ஸ் டேக்குக் கார்டு குடுக்கறப்பக் கூட 'டியர் பி.டி. மிஸ்'னுதான் எழுதிக் குடுக்கும். எனக்கு என்னமோ ஆயிருச்சு. நாளையிலிருந்து நீதான் லீடருன்னு சொல்லிட்டேன். அது சிரிச்சுச்சு. பின்னால வந்ததுகளும் வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சுதுங்க. கையத் தட்டி அடக்கினேன்.

இப்ப எனக்கு ஆத்திரம் வர்றது அங்கதான். நாப்பத்தி ரெண்டு பேரும் பாத்துட்டுத்தான இருந்துதுங்க? பூராளுக்கும் தெரியும். ஒருத்தி வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லல. வரிசையில நின்னா வெறும் நம்பரச் சொல்லிட்டு நின்னுதுங்க.

நாலு மணிக்குப் பண்ணைக்கு வந்து சேந்தோம். வாசல்ல அப்பத்தான் வந்து நின்ன ஒரு காரு. ஒரு அப்பா, ஒரு அம்மா, இன்னொரு ஆம்பளை கையில தட்டத்துல தேங்கா பழம். எனக்கு ஒண்ணும் புரியல. கார்ல வந்த அம்மா ஓடியாந்து, 'டீச்சர், எம்பொண்ணு எங்க? இருபத்தொன்பதாம் நம்பர்னு சொன்னா'ன்னாங்க.

ஏனுங்க இவ்வளவு பதட்டம், இங்கதான இருக்குதுன்னேன். அவங்களுக்கும் தெரியட்டும்னு அவங்க முன்னாலயே வரிசை போட்டேன். ஒண்ணு, ரெண்டுன்னு சும்மா மணி மாதிரி சொல்லிட்டு வந்துதுங்க. நாப்பத்திமூணு. சரியா இருந்துச்சு. அப்பறம் நல்ல சத்தமா, 'இருபத்தொன்பது, முன்னால வா'ன்னேன்.

வந்து நின்னுச்சு.

அந்தம்மா அந்தப் பிள்ளையப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. 'இது ஆரு?'ன்னாங்க.

அதுக்கு மேல கேக்காதீங்க. அந்தப் பிள்ளை தொப்பியக் கழட்டிட்டு, 'நான் மாதேவிங்க. கெம்பம்மா மக'ன்னுச்சு. கெம்பம்மா அந்தப் பண்ணையில சமையல்காரி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. இருங்கக்கா, இருங்க, நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க, நான் வரிசையாச் சொல்லி முடிச்சர்றேன்.

நடந்தது என்னன்னா, எங்க இருபத்தொன்பது அன்னைக்குக் காலையில பெரியமனுஷி ஆயிருக்குது. அதைத்தான் சொல்ல வந்துச்சாம். சொன்னாத்தான எனக்குத் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரியா? வரிசையிலிருந்து போயிக் குளியலறைக்குப் பின்னால உக்காந்து அழுதிருக்குது. மாதேவி பாத்திருக்குது. பேசி முடிவு பண்ணிக்கிட்டுதுங்க ரெண்டும். எங்க பிள்ளை தொப்பியவும் முகாம் சட்டையவும் கழட்டி மாதேவிக்குக் குடுத்துருச்சு. அதுக்கு என்ன ஆசைன்னா, வாரா வாரம் ஸ்கூல் ஸ்கூலா வந்து தடுப்பணைக்கு நடக்கறாங்களாம், அது சமையக்கட்டு ஜன்னல்லயே நின்னு பாக்குமாம். ஒருக்காலாவது வரிசையில நின்னு நம்பர் சொல்லோணும்னு ஆசையாம். நான் போனா எண்ணிக்கை குறையாது, மிஸ் தேடமாட்டாங்க, நீ நிம்மதியாப் படுத்துக்கன்னு சொல்லிட்டு வந்திருச்சு. கெம்பம்மா அந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயி, குளிக்க வெச்சு, துணி குடுத்து, வைதேகி மேடத்துகிட்டச் சொல்லி ஊட்டுக்குப் போன் பண்ண வெச்சிருக்கறா. எனக்குச் சொல்லோணுமா வேண்டாமா? தடுப்பணையில டவர் இல்லைன்னாங்க. 'உங்களுக்குத் தெரிஞ்சுதான் விட்டுட்டுப் போனீங்கன்னு நெனச்சோம்'னாங்க. எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கறாங்க.

அப்பப் பாத்து சமையக்கட்டுலிருந்து எங்க பிள்ளை வருது. மாதேவியோட பாவாடையக் கட்டிட்டு, தலையெல்லாம் வழிச்சுச் சீவிட்டு, கெம்பம்மாளோட சேலையப் புடிச்சுட்டு வருது. என்னைய ஏறெடுத்துப் பாக்கல. பதினாலு வருஷப் பழக்கம், என்ற வாயி சும்மா இருக்குதா? 'ஆரக் கேட்டு வரிசைய உட்டுப் போன?'ன்னு கேட்டுட்டேன். அவங்கம்மா ரெண்டு கையிலயும் பிள்ளையோட காதப் பொத்திட்டாங்க. அப்படிப் பொத்தற அளவுக்கு நான் என்னங்க கேட்டுட்டேன்? ஒரு டீச்சர் கேக்கறதுதான?

அந்தப் பிள்ளை பேரு சம்யுக்தாவாம். புகார்க் காகிதத்துல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். போன வாரம் சீரெல்லாம் நடந்துச்சாம். ஸ்கூல்ல எல்லாருக்கும் பத்திரிகை வந்திருக்குது. எனக்கு வரல. போயிப் பாத்தீங்களான்னா கேக்கறீங்க? கூப்பிடாத ஊட்டுக்கு எப்படிங்க போறது? பிரின்சிபாலுகூடச் சொன்னாங்க, 'ஒரு எட்டுப் போயி அந்தப் பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க கலாமணி, எல்லாம் சரியாப் போயிரும்'னு. நான் எதுக்குப் பேசோணும்? என்ற எண்ணிக்கையில தப்பில்லையே. உண்மையச் சொன்னா, எனக்கு அந்தப் பிள்ளையப் பாக்கப் பயமா இருக்குதுங்க. பாத்தா என்ன சொல்றதுன்னு தெரியல.

அன்னைக்குப் பொழுதோடயே உக்காந்து ஒரு லெட்டர் எழுதினேன். வைதேகி மேடத்துக்கு ஒண்ணு, ஸ்கூலுக்கு ஒண்ணு. நடந்தது நடந்தபடி. சமையல்காரி திட்டம் போட்டுத் தன் மகளை எங்க வரிசையில நொழைச்சு, எங்க மாணவிய மறைச்சு வெச்சுட்டா, இந்த மாதிரி ஆளுங்களை வெச்சிருக்கற எடத்துக்கு இனி எந்த ஸ்கூலும் வராதுன்னு. கெம்பம்மாளுக்குத் தெரியாதாம், பிள்ளைங்க தானாப் பண்ணினதாம். சொன்னாங்க. எனக்கென்ன தெரியும்? ஆரு மேலயாவது சொல்லித்தான ஆகோணும். என்ற மேல வர்றப்ப நான் கையக் கட்டிட்டு நிக்க முடியுமா?

என்னங்கக்கா, திரும்பத் திரும்ப என்னமோ சொல்ல வர்றீங்க. ஒரே நிமிஷம். விசயத்துக்கு வந்துட்டேன்.

நாளைக்கு விசாரணையில, 'இந்த டீச்சருக்குப் பிள்ளைங்க மேல அக்கறையே இல்ல, மனுஷத் தன்மையே இல்ல'ன்னு அவங்க சொல்லப் போறாங்க. வக்கீல் கிட்டக் கேட்டுட்டு வந்திருக்கறாங்க. எனக்காக ஒரு வார்த்தை சொல்ல ஒருத்தி இல்லீங்க. ஸ்டாஃப் ரூம்ல பதினெட்டுப் பேரு இருக்கறாங்க, கேட்டேன், எல்லாருக்கும் நாளைக்கு வேலை இருக்குதாம். பழைய பிள்ளைங்க நம்பரு ரெண்டு மூணு வெச்சிருந்தேன், போன் பண்ணினேன். 'எந்தக் கலாமணி?'ன்னு கேக்குதுங்க.

அப்பத்தான் மாதேவி ஞாபகம் வந்துச்சு. அது சொல்லுமல்லங்க? மிஸ் என்ற கையப் புடிச்சுட்டு வந்தாங்க, அவங்க பாட்டில் தண்ணிய எனக்குத்தான் முதல்ல குடுத்தாங்க, வெயிலுக்குத் தலையில துண்டு போட்டு உட்டாங்கன்னு. எல்லாம் நெசந்தான, நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கப் போறதில்ல. அன்னைக்கு எனக்கு அந்தப் பிள்ளைய அவ்வளவு புடிச்சிருந்துச்சு. காலையில முதல் பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போயி, பேச வெச்சுட்டு, நானே திரும்பக் கொண்டாந்து உட்டுர்றேன். பாவாடைத் துணி எடுத்துட்டு வந்திருக்கறேன், பாருங்க, மாம்பழக் கலரு. அந்த நெறத்துக்கு நல்லாருக்குமல்ல? அவங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன். லெட்டர் ஏதோ கோவத்துல எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கன்னா கேட்டுக்குவா. ஏழைங்க மனசு நல்ல மனசு.

இந்த வளைவு தாண்டினா உங்கூருதான? சரி, இப்பச் சொல்லுங்க. என்னமோ சொல்ல வந்தீங்களே. கெம்பம்மா ஊடு எங்கன்னும் சொல்லிருங்க.

அடுத்த ஊடுங்களா! அட, முதல்லயே சொல்லியிருக்கலாமல்ல.

பூட்டிக் கெடக்குதா? வேலைக்குப் போயிருப்பா, பொழுதோட வருவாளல்ல.

எப்ப இருந்து?

லெட்டர் வந்த மறுநாளே நிறுத்திட்டாங்களா. அந்த வைதேகி மேடம் அப்படியெல்லாம்… மனசு என்ன நிறம்னு கேட்டாங்களே அவங்க. சரி. அப்பறம்? ரெண்டு வாரம் தேடிப் பாத்தும் ஒரு வேலையும் கெடைக்கல. வால்பாறைப் பக்கம் தேயிலைக்கு. பிள்ளையவுங் கூட்டிட்டு. அப்பப் பள்ளிக்கூடம்? ம்.

எஸ்டேட் பேரு தெரியுமுங்களா? போன் நம்பரு? வாங்கி வெக்கலீங்களா? ஒரு அட்ரஸ் கூடவா வாங்கி வெக்கமாட்டீங்க, அடுத்த ஊட்டுக்காரங்க? இல்லீங்க, உங்களச் சொல்லலீங்க. கோவிச்சுக்காதீங்க.

அந்தப் பிள்ளை போறப்ப எதாவது சொல்லுச்சுங்களா? என்னையப் பத்தி?

சொல்லுங்க. பரவால்ல, திட்டியிருந்தாலும் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்.

என்னன்னு?

'அந்த மிஸ்ஸு எழுதியிருக்கமாட்டாங்க'ன்னுச்சா? அவங்கம்மாகிட்டச் சண்டை போட்டுச்சா? 'அவங்க பேரு கலாமணி, என்னைய லீடர் ஆக்கறேன்னாங்க, அவங்க நல்ல மிஸ்ஸு, வேற ஆராவது எழுதியிருப்பாங்க'ன்னு… பஸ் ஏறற வரைக்குமா?

இல்லீங்கக்கா. வேற ஆரும் இல்லீங்க. நான்தான் எழுதினேன். ரெண்டு பக்கம். மாதேவின்னு அந்தப் பிள்ளை பேரை மட்டும் நாலு எடத்துல எழுதியிருக்கறேன்.